பாட்டுக்கு யார் பொறுப்பு

நம் வட்டத்தில் 'பாடலாசிரியன்' என்கிற சொல் ஒரு படி இறங்கினது. கவிஞன் என்று சொல்ல வாய் வராத இடத்தில் அதைச் சொல்லிவிட்டுப் போகிறோம். காரணம் கேட்டால் இரண்டு உண்டு. அவன் மெட்டுக்கு எழுதுகிறான். பிறர் கேட்டதை எழுதுகிறான். கவிதை உள் நிர்ப்பந்தத்தால் பிறப்பது, கவிஞன் தன் பிரக்ஞைக்கு மட்டுமே பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பது புதுக்கவிதை தலையெடுத்த நாளிலிருந்து நாம் பற்றிக்கொண்டிருக்கிற கொள்கை. இதை மறுக்க நான் வரவில்லை. சினிமாப் பாட்டு நம் காதுக்குச் செய்து வைத்திருக்கிற காரியத்தைக் கண்டவன் எவனும் இதை அத்தனை லேசில் மறுத்துவிட முடியாது. ஆனால் இந்தக் கொள்கையின் நிழலில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே கிடக்கிறது. எழுதின சொல்லுக்கு யார் பதில் சொல்வது? தன் பிரக்ஞைக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வது தன் கடையின் கணக்கைத் தானே தணிக்கை செய்துகொள்கிற மாதிரி. கணக்கு எப்போதும் சரியாகவே இருக்கும்.

இதை அந்தரத்தில் வைத்து விவாதிப்பதில் பிரயோஜனம் இல்லை. ஒரு மனிதரை வைத்துப் பேசலாம். மதுரகவி பாஸ்கரதாஸ். 1892-இல் பிறந்து 1952-இல் மறைந்தவர். இயற்பெயர் வெள்ளைச்சாமி. ஊர் நாகலாபுரம், கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல். நாடக மேடைக்கும், கிராமபோன் தட்டுக்கும், கடைசியில் முதல் தமிழ்ப் பேசும் படத்துக்கும் பாட்டு எழுதியவர். அவர் காலத்தில் தென் ஜில்லாக்களில் அவருடைய பாட்டுப் புழங்காத நாடகக் கொட்டகை அபூர்வம். இன்று அவர் பெயரைச் சொன்னால் சினிமா சரித்திரக்காரர்கள் சிலருக்குத் தெரியும், கோவில்பட்டிக்காரர்களுக்குத் தெரியும். பாட்டுகளில் ஒன்றிரண்டு இன்னும் தெரியும். ஆனால் அவருடையதாக அல்ல. இந்த 'ஆனால்'தான் எனக்கு விஷயம்.

அந்த மண்ணுக்குப் பாட்டு புதிதல்ல. கோவில்பட்டிக்கு மேற்கே கழுகுமலை. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து அந்த மலை முருகன் மேல் பாடப்பட்டது. முப்பது வயதைக்கூட எட்டாமல் செத்துப்போன அந்த மனிதருடைய சிந்து, காவடி தூக்குகிறவர்களின் காலில் இறங்கி ஊர் ஊராகப் போயிற்று. இடைசெவல்காரரான கு. அழகிரிசாமி அதன்மேல் கொண்டிருந்த பித்து எழுத்தாளர்களுக்குத் தெரிந்ததே. அதைப் பதிப்பித்தும் வைத்தார். கிழக்கே எட்டயபுரம். சீறாப்புராணம் செய்த உமறுப் புலவரும் பாரதியும் அந்த ஒரே ஊர். இவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு அளவில் ஆதரவாக நின்றவன் ஒருவன் உண்டு, ஜமீன்தாரோ வள்ளலோ. ரெட்டியாருக்கு ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர். பாரதிக்கு அந்த உறவு ஒத்துவரவில்லை, வேறு கதை. பாஸ்கரதாஸிடம் வரும்போது வள்ளல் மறைந்துவிடுகிறான். அவன் இடத்தில் வந்து நிற்பவன், ஒரு ராத்திரிக்கு இத்தனை ரூபாய் என்று பேசிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற நடிகன்.

இந்த மாற்றத்துக்குக் கரிசலின் பொருளாதாரமும் ஒரு காரணம். ஆற்றுப் பாசனம் இல்லாத சீமை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைத்தால் பருத்தி, கம்பு, சோளம், மிளகாய், மல்லி. பெய்தால் உண்டு. வெள்ளாமை வீடு வந்து சேர்ந்த பிறகு கோடையில் காட்டில் வேலை குறைவு, கையில் கொஞ்சம் காசு. கோயில் கொடை அப்போதுதான் வரும். கொடை என்றால் நாடகம். ஒரு ஜமீன்தாருக்குப் பதிலாக ஒரு ஊரே வரி போட்டுப் பாட்டுக்கு ஆதரவு தருகிறது. வரி கொடுத்தவன் ஒவ்வொருவனும் முன்னால் வந்து உட்காருகிறான்.

ஸ்பெஷல் நாடகம் என்று அதற்குப் பெயர். நம் வாசகர்களில் இளையவர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆகையால் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். கம்பெனி நாடகத்தில் ஒரு முதலாளி, ஒரு கூட்டம், ஒத்திகை எல்லாம் உண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் இவை எதுவும் கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து, பபூன் இன்னொரு ஊரிலிருந்து, ஆர்மோனியக்காரர் எங்கிருந்தோ. முன்பின் பார்த்திராதவர்களாகக்கூட இருக்கலாம். சாயங்காலம் வந்து சேர்ந்து முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு மேடையில் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்கிறார்கள். இது எப்படி முடிகிறதென்றால், எல்லோருக்கும் ஒரே பாடம் தெரியும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்துவிட்டுப் போன வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம். இது பொது நிலம். ஆனால் பொது நிலத்தில் எல்லோரும் சமமாக நின்றுகொண்டிருந்தால் அடுத்த ஊரில் எவன் கூப்பிடுவான்? எதிரில் நிற்கிறவருக்குத் தெரியாத ஒரு பாட்டு, அந்த ஊரார் இதற்கு முன் கேட்டிராத ஒரு பாட்டு, தன் நோட்டில் ஒவ்வொரு நடிகருக்கும் வேண்டும். நோட்டுத்தான் அவருடைய சொத்து. நிலத்தைப் போல் அதைக் காத்தார்கள்.

இந்தப் பாட்டைத் தருகிறவர்தான் பாஸ்கரதாஸ். நடிகர் வருகிறார், தன் குரலின் சுதியைச் சொல்கிறார், இன்ன நாடகத்தில் இன்ன இடத்துக்கு என்கிறார், அந்த வருஷம் ஜனங்கள் காதில் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு மெட்டைக் காட்டுகிறார். அது பார்சி நாடகத்தின் வழி வந்த ஹிந்துஸ்தானி மெட்டாக இருக்கலாம், தெம்மாங்காக இருக்கலாம். பாட்டு எழுதப்படுகிறது, பாடமாகிறது, நடிகரோடு போய்விடுகிறது. ஒலிபெருக்கி பரவாத காலம். மாட்டை அவிழ்த்து விட்டு வண்டிப் பைதாவில் சாய்ந்திருக்கிற கடைசி ஆள்வரைக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். நெடில் எந்தச் சுரத்தில் விழ வேண்டும், எந்த ஒற்று காற்றில் கரைந்துபோகும், எந்த எதுகை வரப்போவதை முன்கூட்டியே காட்டிக் கேட்கிறவன் வாயைத் திறக்க வைக்கும் என்பதெல்லாம் அங்கே ரசனை சம்பந்தப்பட்ட விஷயங்கள் அல்ல, தொழில் சம்பந்தப்பட்டவை. தப்பினால் பாடுகிறவனுக்கு அன்று ராத்திரியே தெரிந்துவிடும். நாம் எழுதுகிற ஒரு வரி தப்பு என்று நமக்குத் தெரிய எத்தனை வருஷம் ஆகிறது? சில பேருக்குத் தெரிவதே இல்லை.

ஆகவே எழுதினவன் பெயர் உதிர்வது இந்த அமைப்பின் விபத்தல்ல, அதன் விதி. பாட்டு அந்த நடிகருடையதாக இருந்தால்தான் அதற்கு விலை. பாட்டுப் புத்தகங்கள் வந்தன. சந்தையிலும் திருவிழாவிலும் காலணா, அரையணாவுக்கு விற்றவை. அவற்றின் அட்டையிலும் பாடின நடிகர் பெயரைப் பெரிதாகப் போடுவது வழக்கம். வாங்குகிறவன் தேடுவது குரலை.

இதை 'ஜனங்களோடு கரைந்துபோனான்' என்று கண்ணீர் மல்கப் பேசுகிற ஒரு தினுசு விமர்சனம் நம்மிடையே உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. பெயர் போவது ஒரு இழப்புத்தான், கூலியிலும் சரித்திரத்திலும். அதை மகிமையாக்கிப் பேசுகிறவன் தன் கட்டுரைக்குக் கீழே தன் பெயரை அச்சுப்பிழை இல்லாமல் போட்டுக்கொள்கிறான்.

இனி கொக்குப் பாட்டுக்கு வரலாம். வள்ளி திருமணத்தில் தினைப்புனக் காட்சி. வள்ளி பரண்மேல் நின்று பறவை விரட்டுகிறாள். முருகன் வருகிறான். இந்த இடத்தில், முருகன் வேஷத்தில் எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் ஒரு பாட்டுப் பாடுவார். வெள்ளைக் கொக்கு ஒன்று பறந்து வந்து நம் நிலத்தில் மேய்கிறது என்கிற மாதிரியான பாட்டு. தினைப்புனத்தில் கொக்கைப் பற்றிப் பாடாமல் வேறெதைப் பற்றிப் பாடுவது? ஆனால் கூட்டம் 'வெள்ளை' என்ற சொல்லில் எழுந்துகொள்ளும். முன் வரிசையில் போலீஸ்காரர் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். அவர் குறிப்பில் கொக்கு என்றுதான் இருக்கும். கொக்கைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்த முடியாது. பிடிக்க முடிந்தது பாடினவரைத்தான். 1876-இலேயே நாடகங்களை அடக்கச் சட்டம் வந்துவிட்டிருந்தது. 1919-இல் ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு தமிழ் மேடையில் இந்த ரகப் பாட்டுப் பெருகப் பெருகக் கைதுகளும் பெருகின. விஸ்வநாததாஸ் 29 தடவை கைதானார் என்று கணக்குச் சொல்வார்கள்.

பாட்டை எழுதினவர் பாஸ்கரதாஸ். மேடையில் நின்று தோளில் போலீஸ்காரர் கையை வாங்கிக்கொண்டவர் விஸ்வநாததாஸ். இதில் ஒரு நீதிப் பிரச்னை இருக்கிறது. அதை மரியாதைக்காக மூடி மறைக்கக் கூடாது. இரட்டை அர்த்தத்தில் எழுதி இன்னொருவன் வாயில் வைத்து அனுப்புவது ஒரு வகைக் கோழைத்தனம் ஆகாதா? துணிச்சல் உள்ளவன் வெள்ளைக்காரன் என்றே எழுதிவிட்டுப் போகலாமே?

இதற்கு வழக்கமாகத் தரப்படும் பதில், அடக்குமுறைக் காலத்தில் கலைஞன் குறியீட்டை நாடுகிறான் என்பது. பாடப்புத்தகப் பதில். குறியீடு எழுதினவனைக் காப்பாற்றுகிறது என்ற அனுமானம் இதில் இருக்கிறது. அச்சில் பெயர் போட்டவனைக் கொக்கு எவ்வளவு தூரம் காப்பாற்றும்? பாட்டுப் புத்தகங்களை அரசாங்கம் பறிமுதல் செய்துகொண்டிருந்த காலம் அது. 1928-இல், செத்து ஏழு வருஷம் ஆகிவிட்ட பாரதியின் புத்தகங்களையே விட்டுவைக்கவில்லை. கொக்கு வேறு ஒருவருக்காக அங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பாடுகிறவருக்காக. அந்தப் பாட்டில் ஒரு வெளிவாசல் இருக்கிறது. ஒரு ஊரில் சூழ்நிலை சரியில்லை, வீட்டில் பெண்டாட்டிக்குப் பிரசவ நேரம், முந்தின மாதம்தான் சிறையிலிருந்து வந்திருக்கிறார், இப்படி ஏதோ ஒன்று. அன்றைக்கு ராத்திரி அதே பாட்டைக் கொக்குப் பாட்டாகவே பாடிவிட்டு இறங்கிவிடலாம். ஒரு சொல் மாற்ற வேண்டியதில்லை. 'வெள்ளை'யில் நிற்காமல் போனால் போதும், கையை முன் வரிசைப் பக்கம் நீட்டாமல் இருந்தால் போதும். எழுதினவர் அவருக்குத் தந்தது கட்டளை அல்ல, ஒரு தேர்வு. ஒவ்வொரு ராத்திரியும் புதிதாகச் செய்ய வேண்டிய தேர்வு.

விஸ்வநாததாஸ் அந்த வாசல் வழியாக வெளியே போகவில்லை என்பதற்கு அந்தக் கைதுகளின் கணக்கே சாட்சி. அவர் யார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிவகாசியில் 1886-இல் மருத்துவர் குலத்தில், அதாவது ஊர் சவரத் தொழிலாளர் என்று ஒதுக்கி வைத்த குலத்தில் பிறந்தவர். மேடையில் முருகன். அவரோடு ஜோடியாக நடிக்கச் சாதியைக் காரணம் காட்டி மறுத்தவர்கள் உண்டு. குறவர் மகளைத் தேடிக் காட்டுக்கு வருகிற கடவுளின் வேஷம் போட்டவருக்கு இது. இழக்க அவரிடம் இருந்ததே அந்த மேடை ஒன்றுதான். அதைத்தான் ஒவ்வொரு தடவையும் பணயம் வைத்தார்.

இப்போது கரிசல் கிராமங்களில் பழையவர்கள் அதை 'விஸ்வநாததாஸ் பாட்டு' என்று சொல்வதை எடுத்துக்கொள்வோம். நூலகக்காரன் பார்வையில் இது பிழை. நீதியின் பார்வையில் அத்தனை பெரிய பிழையல்ல. ஒரு பாட்டில் இரண்டு விதமான சொந்தம் உண்டு. செய்ததால் வருகிற சொந்தம் ஒன்று. அதற்குப் பதில் சொன்னதால் வருகிற சொந்தம் ஒன்று. முதலாவதை ஆராய்ச்சியாளன் நிலைநாட்டுவான், நிலைநாட்டவும் வேண்டும். இரண்டாவதை ஜனங்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுகொள்கிறார்கள். பாஸ்கரதாஸின் பெருமை, என் கணக்கில், இரண்டாவது சொந்தக்காரன் ஒருவன் வந்து நிற்க இடம் விட்டு எழுதியதில் இருக்கிறது. நம் கவிதைகளில் அந்த இடம் கிடையாது. நாமே முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிறோம்.

சார்த்தர், 'இலக்கியம் என்றால் என்ன' என்பதில் உரைநடைக்காரனையும் கவிஞனையும் பிரித்தார். உரைநடைக்காரன் சொல்லை உபயோகிக்கிறான், ஆகவே பொறுப்பு அவனுக்கு உண்டு. கவிஞன் சொல்லைப் பொருளாகவே பார்க்கிறான், அவனிடம் போய் அந்த ரகப் பொறுப்பைக் கேட்பது அர்த்தமில்லை என்றார். இந்தப் பிரிவினையில் பாட்டுக்காரனுக்கு இடம் இல்லை. அவன் சொல் பொருளாகவும் இருக்கிறது, சுதியும் காலப்பிரமாணமும் உள்ள பொருளாக. உபயோகமும் ஆகிறது, ஆனால் இன்னொருவன் கையில். எழுதினவனும் பாடினவனும் ஒரே ஆளாக இருந்தால் சிக்கல் இல்லை. 1973 செப்டம்பரில் சிலியில் ராணுவம் கொன்ற விக்தோர் ஹாராவிடம் போய் இந்தப் பாட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்க வேண்டியதில்லை. சிக்கலெல்லாம் ஆள் இரண்டாகிறபோதுதான்.

வெளிவாசல் இல்லாத சொல் என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. மொழிக்காக உயிரைத் தருவோம் என்ற முழக்கம் ஒரு காலத்தில் மேடைதோறும் கேட்டது. எதுகையும் மோனையுமாக, கேட்கிறவன் ரத்தம் சூடாகும்படி. 1964 ஜனவரி 25-இல் கீழப்பழுவூர்ச் சின்னசாமி திருச்சியில் தன் உடம்பில் நெருப்பு வைத்துக்கொண்டார். மறு வருஷம் இன்னும் சிலர். அவர்கள் கொண்ட கோரிக்கை நியாயமானது. அதை இங்கே நான் விவாதிக்கவில்லை. நான் கேட்பது சொன்னவர்களைப் பற்றி. அந்தச் சொற்களில் கொக்கு இல்லை. கேட்கிறவன் அவற்றை அப்படியே நம்பினால் அவனுக்குப் போக வேறு இடம் வைக்கப்படவில்லை. சொன்னவர்களில் பலர் அதை அணியாகச் சொன்னார்கள், கேட்டவர்களில் சிலர் அதைச் சொல்லாகவே கேட்டார்கள். 1967-இல் ஆட்சி மாறிற்று.

இனி 1931. 'காளிதாஸ்' அக்டோபர் 31-இல் சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் வெளியாயிற்று. எச்.எம். ரெட்டி டைரக்டர், பம்பாயில் எடுத்த படம். கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழ் பேசினார், கதாநாயகன் தெலுங்கு பேசினார். அதைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சமஸ்கிருத மகாகவியின் கதைக்கு நடுவில் காந்தியின் கைராட்டினத்தைப் பற்றி ஒரு பாட்டு. பாஸ்கரதாஸுடையது. காளிதாசனுக்கும் ராட்டினத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்று சிரிப்பது சுலபம். ஸ்பெஷல் நாடகத்தின் பழக்கம் நேரே படத்துக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். தினைப்புனத்தில் வெள்ளைக்காரன் வரலாமென்றால் உஜ்ஜயினியில் ராட்டினம் ஏன் வரக்கூடாது?

ஆனால் ஏதோ ஒன்று அங்கே முறிந்தும் போயிற்று. மேடையில் அந்தப் பாட்டைப் பாடலாமா, எப்படிப் பாடலாம் என்று ஒவ்வொரு ராத்திரியும் ஒரு மனிதன் தீர்மானித்தான். படத்தில் தீர்மானம் பம்பாயில் ஒரே ஒரு பகலில் எடுக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை ஊரில் ஓடினாலும் அதே நிறுத்தம், அதே கையசைப்பு. தியேட்டரில் போலீஸ்காரர் எழுந்து நின்றால் கை வைக்கத் திரை ஒன்றுதான் இருக்கிறது. கிராமபோன் தட்டிலும் இதே கதை. பாஸ்கரதாஸின் பாட்டுகளைக் கே.பி. சுந்தராம்பாள் போன்றவர்களின் குரலில் தட்டுகள் கிராமம் கிராமமாகக் கொண்டுபோயின; பரவுதல் பல மடங்காயிற்று. பதில் சொல்கிற உடம்பு ஒன்று அங்கே நிற்பது நின்றுபோயிற்று. 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது ஒரு உபரித் தகவல். இயந்திரத்தில் ஏறினதும் அழியத்தான் செய்தது.

இந்த முறிவு முழுசாகத் தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1958-இல் 'நாடோடி மன்னன்'. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் அதற்குப் பாட்டு எழுதினார். கம்யூனிஸ்ட், விவசாயச் சங்கத்தில் இருந்தவர், அடுத்த வருஷமே 29 வயதில் இறந்துபோனார். குரல் டி.எம். சௌந்தரராஜனுடையது. உதடு எம்.ஜி.ஆருடையது. ஜனங்கள் அதை 'எம்.ஜி.ஆர். பாட்டு' என்றார்கள். 'விஸ்வநாததாஸ் பாட்டு' என்று சொன்ன அதே வாய், அதே இலக்கணம். வேற்றுமை இதுதான்: அங்கே சொந்தம் யாருக்குப் போயிற்றோ அவர் அதற்காகச் சிறைக்குப் போனார், இங்கே சொந்தம் யாருக்குப் போயிற்றோ அவர் 1977-இல் கோட்டைக்குப் போனார். பாடாதவர் வசூலித்தார். எழுதினவருக்குப் பெயர் உண்டு, போஸ்டரில் உண்டு, பிற்பாடு சிலைகூட உண்டு. பாஸ்கரதாஸுக்குக் கிடைக்காத எல்லாம் கிடைத்தது. ஆனால் சொல்லுக்கும் அதற்கான பதிலுக்கும் நடுவில் இருந்த நரம்பு அறுந்துவிட்டது. ஜனங்கள் ஏமாந்தார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பாடுகிறவன்தான் பதில் சொல்லுவான் என்று ஐம்பது வருஷம் மேடை கற்பித்ததை நம்பினார்கள்; அது அவர்கள் குற்றமா?

பாட்டின் உரிமை என்றதும் நம்மவர்களுக்குப் பாரதி ஞாபகம்தான் வரும். அது சட்டத்தின் கதை. ஒலிபரப்பு உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949-இல் சென்னை அரசாங்கம் உரிமையை எடுத்துக்கொண்டது. பாரதி எல்லோருக்கும் பொதுவானார். நல்ல காரியம். ஆனால் அங்கே கேள்வி 'யாருக்குச் சேர வேண்டும்' என்பது. நான் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி 'யார் தலையில் விழுந்தது' என்பது. எட்டயபுரத்துப் பாட்டுக்குக் கடைசியில் பத்திரமும் மணிமண்டபமும் கிடைத்தன. சில மைல் தள்ளி நாகலாபுரத்துப் பாட்டுக்குப் பத்திரமே எழுதப்படவில்லை.

அவர் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். முப்பது வருஷத்துக்கும் மேலாக. 2009-இல் அவருடைய பேரன், நாடகக்காரர் ச. முருகபூபதி தொகுத்து அது நூலாக வந்தது. கலைஞனின் உள்வாழ்க்கையைத் தேடிக்கொண்டு அதற்குள் போகிற நம்மைப் போன்றவர்களுக்கு அது ஏமாற்றம் தரும். சிருஷ்டி வேதனை இல்லை, ஆத்ம விசாரம் இல்லை. யார் வந்தார், எங்கே போனது, என்ன எழுதிக் கொடுத்தது, சுருக்கமான குறிப்புகள். முதலில் எனக்கு இது ஒரு வியாபாரியின் பேரேடு மாதிரிப் பட்டது. பிறகு வேறு மாதிரிப் பட்டது. பேரேட்டில் கடனாளிகளின் பெயர்கள் இருக்கும். இதில் நிறைந்திருப்பவை பாட்டு வாங்கிக்கொண்டு போனவர்களின் பெயர்கள், மறந்துபோன நடிகர்கள், நடிகைகள், ஆர்மோனியக்காரர்கள். தன் பெயர் உதிரும் என்று தெரிந்த ஒரு மனிதர் மற்றவர்கள் பெயரைத் தினமும் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் எழுதினதெல்லாம் உசத்தி என்று நான் சொல்லவில்லை. பெரும்பகுதி அந்த வருஷத்துத் தேவைக்கு எழுதினது. அந்த வருஷத்தோடு போயிற்று, போக வேண்டியதுதான். ஒரு தொகுப்பின் தலைப்பு 'இந்து தேசாபிமானிகள் செந்தமிழ்த் திலகம்'. அன்று இந்து தேசம் என்றால் இந்தியா என்றே பலரும் எழுதினார்கள், பாரதி உட்பட. இன்று அந்தத் தலைப்பைச் சத்தமாகப் படித்தால் வேறு ஏதோ கேட்கிறது. சொல்லின் அர்த்தத்தை எழுதினவனுக்குப் பின்னால் வந்தவர்கள் மாற்றிவிடுகிறார்கள். இதற்கு யார் பதில் சொல்வது? செத்தவர் சொல்ல முடியாது. இப்போது அதை எடுத்து உபயோகிக்கிறவன் சொல்லியாக வேண்டும். இங்கேயும் எனக்கு அதே விடைதான் கிடைக்கிறது.

நம் பத்திரிகைகள் முந்நூறு பிரதி அச்சாகின்றன. கவிதைக்கு மேலேயோ கீழேயோ பெயர் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய்த் தன் உடம்பால் அதற்குப் பதில் சொல்லப் போகிறவர் யாரும் இல்லை. அப்படி ஒருவர் கிளம்பினால் நாம் பதறிப்போவோம், அது அப்படி அர்த்தம் இல்லை என்று விளக்கக் கட்டுரை எழுதுவோம். பிறர் உபயோகிக்க முடியாதபடி எழுதுவதில் ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். முழக்கத்துக்கு உதவாத கவிதை, சின்னசாமிகளை எரிக்காத கவிதை. அந்த அளவில் நம் கொள்கை ஒரு தற்காப்பு, மற்றவர்களுக்கும் தற்காப்பு. ஆனால் யாரையும் எரிக்காததும் யாருக்கும் குடை பிடிக்காததும் ஒன்றாகிவிடாது. இந்த இரண்டையும் ஒரே குணமாக நாம் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குச் சந்தேகம்.

விஸ்வநாததாஸ் 1940 டிசம்பர் 31-இல் சென்னையில், ராயல் தியேட்டரில், வள்ளி திருமணம் நடந்துகொண்டிருக்கும்போது முருகன் வேஷத்தில் மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டே இறந்தார். சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு வருஷம் பாக்கி இருந்தது. 1947-க்குப் பிறகு அந்தப் பாட்டில் கொக்கு மறுபடியும் கொக்காகிவிட்டது. எவர் வேண்டுமானாலும் பாடலாம், எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம், முன் வரிசையைப் பார்த்துக் கையை நீட்டலாம். ஒன்றும் ஆகாது. எழுதினவர் அதையும் ஐந்து வருஷம் இருந்து பார்த்தார்.